பழைய ரேடியோ இன்று எதைப் பாடும்?

வீட்டு அலமாரியின் மேல் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய ரேடியோவைப் பார்க்கிற எவரும் முதலில் கேட்பது, "இது இன்னும் பாடுமா?" என்பதுதான். இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்று நலமாக இருக்கிறதா, அது பிடிக்கக்கூடிய அலைவரிசையில் இன்று எதுவும் ஒலிபரப்பாகிறதா, அப்படி ஒலிபரப்பாவது வீட்டிலுள்ள மற்ற மின்சாதனங்களின் இரைச்சலைத் தாண்டி வந்து சேர்கிறதா? இவற்றைப் பிரித்துப் பார்க்காததால், நல்ல நிலையில் உள்ள ரேடியோக்கள் பழுதானவை என்ற தீர்ப்போடு பரணுக்குப் போகின்றன. உள்ளே கெட்டுப்போனவையோ பல ஆண்டுகளுக்குப் பிறகு நேராக மின்சாரத்தில் செருகப்பட்டுப் புகைகின்றன. இம்மூன்றையும் தாண்டி, அதிகம் கேட்கப்படாத நான்காவது கேள்வி ஒன்று உண்டு. வானலையே கொடுக்காவிட்டால், அதற்கு நாம் எதைக் கொடுக்கலாம்? அந்தக் காலத்துத் தயாரிப்பாளர்கள் இதற்கான வழியைப் பின்பலகையிலேயே திறந்து வைத்திருக்கிறார்கள். பழைய ரேடியோவை வீட்டில் மீண்டும் புழங்க வைக்க விரும்புபவர் அதைப் பிரித்துக் கொட்ட வேண்டியதில்லை. அந்த வழியைக் கண்டுகொண்டாலே போதும் என்பதுதான் என் அனுபவம்.

முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். 1918இல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் வகுத்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையில்தான் நாம் வீடுகளில் காணும் ரேடியோக்களில் மிகப் பெரும்பாலானவை இயங்குகின்றன. நாம் குமிழைத் திருப்பி 1000 கிலோஹெர்ட்ஸில் முள்ளை நிறுத்தும்போது, ரேடியோ தனக்குள்ளேயே 1455 கிலோஹெர்ட்ஸ் அலையொன்றை உண்டாக்கிக் கொள்கிறது. இரண்டும் கலந்து பிறக்கும் 455 கிலோஹெர்ட்ஸ் வேறுபாட்டைத்தான் அது வடிகட்டிப் பெருக்குகிறது. எந்த நிலையத்தைத் தேடினாலும் வேறுபாடு மாறாமல் இருப்பதால், பெருக்கும் பகுதியை அந்த ஒரே அதிர்வெண்ணுக்குச் செப்பமாக அமைத்துவிட முடிகிறது. அதன் பிறகு அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் கட்டம் வருகிறது. நமக்கு இங்கே முக்கியமானது, அந்தக் கட்டத்தோடு ரேடியோ இரண்டு பாதிகளாகப் பிரிகிறது என்பது. முதல் பாதி வானலையை நம்பியிருக்கிறது. இரண்டாம் பாதியோ வெறும் ஒலிப்பெருக்கியும், மரப்பெட்டிக்குள் பொருத்திய ஒரு ஸ்பீக்கரும்தான். வானலையில் என்ன மாற்றம் நேர்ந்தாலும் அந்த இரண்டாம் பாதிக்கு வயதாவதில்லை.

முதல் பாதிக்கு வயதாகியிருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஐரோப்பாவில் செய்த பழைய ரேடியோவின் டயல் கண்ணாடியில் ஹில்வர்சம், லக்சம்பர்க், பெரோமுன்ஸ்டர் என்று ஊர்ப்பெயர்கள் பொன்னிற எழுத்தில் வரிசையாக இருக்கும். முள்ளை அந்தப் பெயர்மேல் கொண்டுபோய் நிறுத்தினால் அந்த ஊர் பேசும் என்பது அன்றைய ஏற்பாடு. 1948இல் கோபன்ஹேகனில் வகுத்த அலைவரிசைத் திட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தபோதே பல நிலையங்கள் இடம் மாறின. 1975இல் ஜெனீவாவில் வகுத்த திட்டம் 1978 நவம்பரில் அமலாகி, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களின் மத்திய அலை நிலையங்களை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கியது. அமெரிக்கக் கண்டங்களில் அந்த இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ். ஜெர்மனியின் பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் 2015ஆம் ஆண்டின் முடிவோடு மத்திய அலையைக் கைவிட்டன. நார்வே 2017இல் தன் தேசிய வலையங்களைப் பண்பலையிலிருந்தே விலக்கிக் கொண்டது. பண்பலை இருக்கும் பழைய ரேடியோவிலும் இன்னொரு சிக்கல் உண்டு. இன்று பெரும்பாலான நாடுகளில் அது 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை விரிந்திருக்க, 1950களின் ஐரோப்பிய ரேடியோக்கள் பலவற்றின் டயல் 100 மெகாஹெர்ட்ஸிலேயே முடிந்துவிடும். ஆகவே முள் நகர்ந்தும் நிலையம் வரவில்லை என்றால், குற்றம் முள்ளிடம் இல்லாமல் இருக்கலாம்.

இனி, செருகுவதற்கு முன் செய்ய வேண்டியவை. நெடுங்காலம் உறங்கிய வால்வு ரேடியோவை (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் கொண்டதை) "பாடுகிறதா பார்ப்போம்" என்று நேரடியாக மின்சாரத்தில் இணைப்பதுதான் அதற்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல். வால்வுகள் பெரும்பாலும் பிழைத்திருக்கும், கெட்டுப்போவது மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் கண்டன்சர்கள். மின்வழங்கியில் உள்ள பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களின் உள்ளே, அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. மின்னழுத்தம் கிடைத்துக்கொண்டிருக்கும் வரையில்தான் அந்தப் படலம் உறுதியாக நிற்கும். ஆண்டுக்கணக்கில் மின்சாரமே காணாதபோது அது நலிந்து, திடீரென முழு மின்னழுத்தம் வந்ததும் குறுக்குச்சுற்றாகி, கூடவே மின்மாற்றியையும் எரித்துவிடுகிறது. இதைத் தவிர்க்கப் பழுது பார்ப்பவர்கள் கையாளும் எளிய உத்தி, 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றை ரேடியோவுக்கு முன்னே தொடராக இணைப்பது. செருகியவுடன் பல்பு பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கி, வால்வுகள் சூடேறியதும் மந்தமான ஒளியோடு நின்றால் நல்லது. மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே குறுக்குச்சுற்று இருக்கிறது. உடனே பிடுங்கிவிட வேண்டும். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது, ஏனென்றால் சூடேறச் சூடேற மின்தடை கூடும் இழையின் இயல்பைத்தான் நாம் இங்கே பயன்படுத்துகிறோம்.

இன்னொரு கண்டன்சரைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் ஒலி வால்வின் ஆனோடிலிருந்து (ஒலி வெளியேறும் முனை) கடைசி வால்வின் கிரிட்டுக்கு (ஒலி நுழையும் முனை) ஒலியைக் கடத்தும் சிறிய காகிதக் கண்டன்சர் அது. மெழுகு பூசிய பழுப்பு நிறக் குழாயாக, விரல் அளவில் இருக்கும். என்னிடம் உள்ள ரேடியோவில் அதைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தபோது, அது முழுமையான மின்காப்பு இருப்பதாகவே காட்டியது. மீட்டர் சோதிப்பது ஓரிரு வோல்ட்டில். ரேடியோவுக்குள் அந்தக் கண்டன்சரின் இருபுறமும் நிற்பதோ நூறு வோல்ட்டுக்கு மேல். மீண்டும் அதை இருந்த இடத்தில் வைத்து, ரேடியோவை ஓடவிட்டு, கடைசி வால்வின் கிரிட்டில் அளந்தேன். பூஜ்யமாகவோ சற்று எதிர்மறையாகவோ இருக்க வேண்டிய இடத்தில் நேர்மறையாக ஏறக்குறைய 2 வோல்ட் நின்றது. கணக்கு எளியது: கிரிட்டிலிருந்து சேசிஸுக்கு (உலோக அடித்தட்டுக்கு) போகும் தடை 1 மெகாஓம் என்றால், வெறும் 2 மைக்ரோஆம்பியர் கசிவே 2 வோல்ட்டைத் தந்துவிடும். இந்தச் சிறு கசிவால் வால்வு தன் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்து, தானும் தேய்ந்து, தன்னோடு இணைந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் நாளடைவில் சுட்டுவிடும். ஒலியில் சற்றுக் கரகரப்பு தவிர வேறு அறிகுறியே தெரியாது. ஒரு பழைய வால்வு ரேடியோவில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்ற அனுமதி உண்டு என்று யாரேனும் சொன்னால், நான் யோசிக்காமல் இதைத்தான் மாற்றுவேன்.

இந்த அளவீடுகளைச் செய்யும்போது உள்ளே 250 வோல்ட் அளவுக்கு நேர்மின்னழுத்தம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பெரிய கண்டன்சர்களில் அது தங்கியிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. மின்சுற்றில் கைவைத்துப் பழக்கமில்லாதவர் இந்தக் கட்டத்தை வால்வு ரேடியோ தெரிந்த ஒருவரிடம் விட்டுவிடுவதே சரி. ஆனால் எவரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ஏ.சி., டி.சி. இரண்டிலும் இயங்கும் வகை ரேடியோக்களில் மின்மாற்றி கிடையாது; வால்வுகளின் இழைகள் வரிசையாகக் கோக்கப்பட்டு நேராக மின்கம்பியில் தொங்கும், சேசிஸ் எனப்படும் உலோக அடித்தட்டு மின்கம்பியின் ஒரு முனையோடு இணைந்திருக்கும். செருகியை எந்தப் பக்கம் திருப்பிச் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தத் தட்டு முழுவதும் மின்சாரம் பாய்ந்து நிற்கலாம். குமிழ்களைப் பிடித்திருக்கும் சிறு திருகாணிகளின் குழிகளில் மெழுகு அடைத்து அனுப்பியதன் காரணமே, விரல் அந்தத் திருகாணியைத் தொட்டுவிடக் கூடாது என்பதுதான். அந்த மெழுகு உதிர்ந்தோ குமிழே காணாமற்போயோ இருக்கும் ரேடியோவைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் செருகி வைப்பதை என்னால் ஏற்க முடியாது. இவ்வகை ரேடியோவுக்கு ஏரியலோ எர்த்தோ இணைக்கும் முன், அந்த இணைப்புகளில் உள்ள பழைய கண்டன்சர்களை இதற்கென்றே செய்யப்படும் பாதுகாப்பு வகைக் கண்டன்சர்களாக மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் வெளியே நீண்டிருக்கும் ஏரியல் கம்பியிலும் மின்சாரம் வரும்.

மின்மாற்றி உள்ள ரேடியோவில் பின்பக்கம் வோல்ட்டைத் தேர்ந்தெடுக்கும் சிறு தகடு இருக்கும். பழைய வீட்டில் 220இல் வைத்திருந்ததை இன்றைய 230, 240 வோல்ட்டுக்கு ஏற்ப மேல்நிலைக்கு மாற்றுவது ஒரு நிமிட வேலை. வால்வுகளின் ஆயுளுக்கு நல்லது. ரப்பர் உறை நொறுங்கிய மின்கம்பியை மாற்றுவது, ஒலிக்குமிழில் கரகரப்பு வந்தால் கான்டாக்ட் கிளீனர் அடிப்பது, அலைவரிசையை மாற்றும் பேண்ட் சுவிட்சைப் பத்திருபது முறை முன்னும் பின்னும் திருப்பித் துரு நீக்குவது ஆகியவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

சுற்று நலமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது செருகினால் பெரும்பாலான வீடுகளில் கேட்பது நிலையங்கள் அல்ல, இரைச்சல். பழைய ரேடியோ கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். ஆனால் மாறியது ரேடியோ அன்று, வீடு. அது செய்யப்பட்ட காலத்தில் வீட்டில் இருந்தவை இழை பல்பும் மின்விசிறியும்தான். இன்று கைப்பேசி சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, கணினி, இணையப் பெட்டி ஆகிய ஒவ்வொன்றுக்குள்ளும் விநாடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டும் சுற்று இருக்கிறது. அந்த வெட்டுகளின் எதிரொலி மத்திய அலை முழுவதும் சீப்பின் பற்களைப் போல வரிசையாக விழுகிறது.

இதை ஊகித்துக்கொண்டிருப்பதைவிடத் தேடிப் பிடிப்பது எளிது. பேட்டரியில் ஓடும் கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றை எடுத்து, மத்திய அலையில் நிலையமே இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, ஒலியைக் கூட்டி, வீட்டுக்குள் நடந்தால் போதும். நான் அப்படி ஒரு மாலை நடந்தபோது, கூடத்தில் மெல்லிய சீறலாக இருந்த சத்தம் நடைவழிக்கு வந்ததும் உறுமலாக மாறி, சுவரில் இருந்த ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கின் அடியில் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு ஏறியது. அதை அணைத்தேன், கூடத்தில் இருந்த பெரிய ரேடியோவில் அதுவரை இல்லாத நிலையம் ஒன்று பேசத் தொடங்கியது. மூன்று மாதங்களாக அந்த ரேடியோவின் ஏரியலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு வீண் என்று அப்போது புரிந்தது. வீட்டின் மொத்த மின்சாரத்தையும் நிறுத்திவிட்டுப் பேட்டரி ரேடியோவைக் கேட்டால், எவ்வளவு இரைச்சல் நம்முடையது, எவ்வளவு அண்டை வீட்டாருடையது என்பதும் தெரிந்துவிடும்.

இரைச்சலைக் குறைக்க முடிந்த அளவு குறைத்த பிறகு ஏரியலைப் பற்றி யோசிப்பதில் பொருள் உண்டு. உள்ளேயே ஏரியலாக ஃபெரைட் தண்டு (கம்பி சுற்றிய காந்தப்பொருள் தண்டு) உள்ள ரேடியோ திசை பார்க்கும். தண்டின் பக்கவாட்டு நிலையத்தை நோக்கியிருந்தால் ஒலி உச்சத்தில் இருக்கும். தண்டின் முனை நோக்கியிருக்கும் திசையில் இருந்து வருவது ஏறக்குறைய மறைந்துபோகும். நிலையத்தைப் பெரிதாக்குவதற்கு மட்டுமன்றி, இரைச்சல் தரும் சாதனத்தை முனைக்கு நேராக வைத்து அதன் வாயை அடைப்பதற்கும் இந்தக் குணம் பயன்படும். ரேடியோவைக் கால்வட்டம் திருப்பி வைத்துப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. தண்டு இல்லாத பழைய ரேடியோக்களுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் நீளக் கம்பியை வீட்டுக்கு வெளியே, இயன்ற அளவு உயரத்தில் கட்டிக் கொடுத்தால் அவை வேறொரு பிறவி எடுத்ததுபோல் கேட்கும்; இடிமழையின்போது அந்தக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். வெளியே கம்பி கட்ட வழியில்லாதவர், அறுபது சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரமான மரச்சட்டத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுக் கம்பியைச் சுற்றி, இரு முனைகளையும் பழைய ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய 365 பிகோபாரட் மாறுகண்டன்சரோடு இணைத்தால் நல்ல வளைய ஏரியல் கிடைக்கும். ஃபெரைட் தண்டுள்ள ரேடியோவோடு அதை எந்தக் கம்பியாலும் இணைக்க வேண்டியதுகூட இல்லை. அருகில் வைத்து அதன் குமிழைத் திருப்பினாலே, சரியான இடத்தில் நிலையம் சட்டென்று எழும்பி வரும்.

நேரமும் ஏரியல் அளவுக்கு முக்கியம். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கான டி அடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைய, அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகின்றன. பகல் முழுவதும் ஒன்றிரண்டு நிலையம் மட்டும் பிடிக்கும் டயல் இரவு எட்டு மணிக்கு நெருக்கமாகிவிடுவதன் காரணம் இதுதான். சிற்றலையில் 15 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் பகலுக்கு ஏற்றவை. 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை இரவுக்கு. 49, 41, 31, 25 மீட்டர் என்று டயலில் அச்சிட்டிருக்கும் பட்டைகளில் ஒலிபரப்பு முன்பைவிடக் குறைந்திருந்தாலும் நின்றுபோய்விடவில்லை. சிற்றலையில் புதிதாகத் தேடுபவர் ஒரு மாயத்தைச் சந்திப்பார்: வலுவான ஒரே நிலையம் டயலில் இரண்டு இடங்களில் பேசும். முன்னே சொன்ன 455 கிலோஹெர்ட்ஸின் விளையாட்டு அது. 9,700 கிலோஹெர்ட்ஸில் உள்ள நிலையம், அதைவிட 910 குறைவாக, 8,790இலும் எட்டிப்பார்க்கும். 910 என்பது 455இன் இருமடங்கு. மேலே உள்ளதே உண்மையான இடம்.

டயல் முள் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கவும் சிற்றலையிலேயே வழி உண்டு. அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.வி. என்ற நேர அறிவிப்பு நிலையம் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட அலைவரிசைகளில் இரவும் பகலும் விநாடிக்கு விநாடி துடிப்பொலியை அனுப்புகிறது. அந்த டக் டக் ஒலி கேட்கும் இடத்தில் முள் 10ஐக் காட்டவில்லை என்றால், டயல் கயிற்றில் முள் நழுவியிருக்கிறது என்று பொருள். கயிற்றில் முள்ளைப் பற்றியிருக்கும் கவ்வியைச் சற்று நகர்த்தினால் சரியாகிவிடும். உள்ளே உள்ள கம்பிச் சுருள்களின் (காயில்களின்) திருகுகளை இதற்காகத் திருப்பத் தொடங்கினால் ரேடியோ மொத்தமாகக் காது கேளாததாகிவிடும். அதற்கு முறையான கருவி வேண்டும்.

இனி பின்பலகைக்கு வருவோம். இசைத்தட்டு ஓட்டும் கருவியைத் தனி ஒலிப்பெருக்கி இல்லாமல் ரேடியோ வழியாகவே கேட்கும் வழக்கம் பரவலாக இருந்ததால், வால்வு ரேடியோக்கள் பலவற்றின் பின்புறம் இரண்டு துளைகள் இருக்கும். "கிராம்" என்றோ, "பி.யு.", "டி.ஏ." என்ற எழுத்துகளாலோ, வெறும் இசைத்தட்டுப் படத்தாலோ அவற்றைக் குறித்திருப்பார்கள். முன்பக்கப் பேண்ட் சுவிட்சிலும் அதற்கென ஒரு நிலை உண்டு. அந்த நிலைக்குத் திருப்பியதும் ரேடியோவின் முதல் பாதி விலக, இரண்டாம் பாதி மட்டும் நமக்காகக் காத்திருக்கும். இசைத்தட்டின் பள்ளத்தை வருடி ஒலியை மின்குறியாக்கும் அன்றைய படிக வகைப் பிக்-அப் சில நூறு மில்லிவோல்ட் ஒலிக்குறியைத் தந்தது; இன்றைய கைப்பேசியின் ஹெட்போன் துளையும் ஏறக்குறைய அதே அளவைத்தான் தருகிறது. எனவே இடையில் பெருக்கியோ சிக்கலான சுற்றோ தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கைப்பேசி இடது, வலது என இரு தனி ஒலிகளைத் தருகிறது, ரேடியோவுக்கு இருப்பதோ ஒரே வாய். இரண்டு கம்பிகளையும் நேராக முறுக்கி இணைத்தால் அவை ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். ஒவ்வொன்றிலும் 1 கிலோஓம் தடையைத் தொடராக வைத்து, அதன் பிறகு சேர்த்தால் போதும். இரண்டு தடைகள், ஒரு ஹெட்போன் செருகி, ஒரு மீட்டர் கவசக் கம்பி என்று முழு ஏற்பாடும் கைக்குள் அடங்கிவிடும். வேண்டாதபோது உருவி எடுத்துவிடலாம்.

1960, 70களின் ரேடியோக்களில் அந்த இரு துளைகளுக்குப் பதிலாக வட்டமான ஐந்து முள் துளை (DIN எனப்படும் வகை) இருக்கும். டேப் ரெக்கார்டருக்கான துளை என்றால் நடுவில் உள்ள 2ஆம் முள் பொதுவான தரை (கிரவுண்ட்). 3ம் 5ம் உள்ளே வரும் ஒலிக்கு. 1ம் 4ம் பதிவுக்காக வெளியே போகும் ஒலிக்கு. தவறான முள்ளில் இணைத்துவிட்டு ஒலி வரவில்லை என்று ரேடியோவைப் பழிப்பவர்கள் நிறைய. நானும் ஒரு காலத்தில் அவர்களில் ஒருவன்தான்.

இந்த வழியில் கேட்கும்போது ஒரு வியப்பு காத்திருக்கிறது. மத்திய அலை ஒலிபரப்பில் 4.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடுவதால், ரேடியோவின் குரல் இயல்பிலேயே மந்தமானது என்று நாம் நினைத்திருப்போம். பின்துளை வழியாகக் கொடுக்கும்போது அந்த வடிகட்டி குறுக்கே இல்லை. அகன்ற காகிதக் கூம்பும் திறந்த பின்புறமுள்ள மரப்பெட்டியும் மனிதக் குரலுக்கு ஒரு நெருக்கத்தைத் தருகின்றன. பேச்சு, கதை வாசிப்பு, செய்தி, பழைய பதிவுகளின் பாட்டு ஆகியவற்றுக்கு அதைவிட இதமான ஸ்பீக்கர் என் வீட்டில் இல்லை. ஆழ்ந்த தாள ஒலி நிறைந்த இன்றைய இசைக்கு அது ஏற்றதன்று. அதற்கு அதை வற்புறுத்துவதும் நியாயமன்று.

மின்மாற்றி இல்லாத, சேசிஸில் மின்சாரம் நிற்கக்கூடிய ரேடியோவின் பின்துளையில் கைப்பேசியைக் கம்பியால் இணைக்கவே கூடாது. அதற்கும், பின்துளையே இல்லாத ரேடியோவுக்கும், நம் ஒலியை வானலையாக மாற்றி ரேடியோவின் ஏரியலுக்கே அனுப்பும் சிறு ஒலிபரப்பிதான் வழி. மத்திய அலையில் காலியான ஓரிடத்தில் அதை அமைத்தால், டயலில் முள்ளை நகர்த்தி "நம் வீட்டு நிலையத்தை"ப் பிடிக்கும் சுகமும் கிடைக்கும். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் மத்திய அலைக்கு 100 மில்லிவாட்டும், தரைக்கம்பி உட்பட 3 மீட்டர் ஏரியலும் வரம்பு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பண்பலைச் சிற்றொலிபரப்பிக்கு 50 நானோவாட் வரைதான் அனுமதி. உரிமம் இல்லாமல் எதையும் ஒலிபரப்பக் கூடாது என்று சொல்லும் நாடுகளும் உண்டு. எங்கே இருக்கிறோமோ அங்குள்ள விதியைப் பார்த்துவிட்டே இதில் இறங்க வேண்டும்.

பழைய ரேடியோவின் உள்ளுறுப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு, அந்தப் பெட்டிக்குள் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை வைத்துக்கொள்வதைச் சிலர் "மறுவாழ்வு" என்கிறார்கள். காலிப் பெட்டியாகக் கிடைத்ததில் அப்படிச் செய்வதில் தவறில்லை. வேலை செய்யும் நிலையில் உள்ளதைக் குடைந்து எடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்; பின்துளையில் செருகும் ப்ளூடூத் வாங்கி (ரிசீவர்) ஒன்று அதே பயனைத் தந்துவிடும்போது அதற்குத் தேவையே இல்லை. வாங்கிக்கு மின்சாரத்தைத் தனிப் பேட்டரியிலிருந்து கொடுப்பது நல்லது. வால்வின் 6.3 வோல்ட் இழை மின்சாரத்தைத் திருத்தி அதற்கு ஊட்ட முயன்றால், பொதுவான தரை வழியாக வாங்கியின் சீழ்க்கை ஒலி ஸ்பீக்கருக்குள் நுழைந்து தொல்லை கொடுக்கும்.

டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் தொல்லை குறைவு, ஆனால் வேறு விதமானது. 1954இல் அமெரிக்காவில் வந்த ரீஜென்சி டி.ஆர்.-1க்குப் பிறகு பெருகிய இவ்வகையில், தொடக்க காலத்தவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களால் ஆனவை. ஏ.எஃப். 117 போன்றவற்றின் தகர உறைக்குள்ளே, ஆண்டுகள் செல்லச் செல்ல, முடியைவிட மெல்லிய வெள்ளீய இழைகள் தாமாகவே வளர்ந்து உள்ளுறுப்பை உறையோடு இணைத்துவிடுகின்றன. மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ரேடியோ ஊமையாகிவிட்டால், உறையோடு இணைந்த நான்காவது காலைத் துண்டித்துப் பார்ப்பது பழுது பார்ப்பவர்களின் முதல் முயற்சி. பல நேரங்களில் அதிலேயே குரல் திரும்பிவிடும். இவற்றில் பலவற்றுக்கு நேர்முனைதான் தரை என்பதால் பேட்டரியின் திசையை இருமுறை பார்த்துவிட்டே போட வேண்டும். பயன்படுத்தாதபோது பேட்டரியை எடுத்துவிட வேண்டும். அல்கலைன் பேட்டரியின் கசிவு செம்புத் தடங்களை அரித்துவிடும், வினிகர் தோய்த்த பஞ்சால் துடைத்தால் ஓரளவு காப்பாற்றலாம். மின்சாரமும் கைப்பேசி வலையமும் ஒருசேர நின்றுபோகும் பேரிடர் நாளில் தொலைதூர நிலையத்தின் செய்தியைத் தருவது இந்தச் சிறு பெட்டிதான் என்பதற்காகவே அதை இயங்கும் நிலையில் வைத்திருக்கலாம்.

மின்சாரம் இல்லாத வீடுகளுக்கென்று செய்த பேட்டரி வால்வு ரேடியோ கிடைத்தவர்கள், அதற்கான 90 வோல்ட் பேட்டரி இப்போது இல்லையே என்று கைவிட்டுவிடுகிறார்கள். 9 வோல்ட் பேட்டரிகள் பத்தை வரிசையாகக் கோத்தால் 90 வோல்ட் வந்துவிடும், இழைகளுக்கு 1.5 வோல்ட் பெரிய செல் ஒன்று போதும். இரண்டு இணைப்புகளையும் மாற்றிக் கொடுத்தால் எல்லா வால்வுகளின் இழைகளும் ஒரு நொடியில் அறுந்துவிடும் என்பதால், செருகிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாத வகையில் அமைத்துக்கொள்வது நல்லது.

எல்லாம் சரியான பிறகு ரேடியோவைக் காட்சிப்பொருளாக வைத்துவிடுவது, செய்த வேலையை எல்லாம் வீணாக்கும். வாரத்தில் ஒரு நாளாவது ஒரு மணி நேரம் ஓடவிட்டால்தான் கண்டன்சரின் படலம் உறுதியாக நிற்கும், ஈரப்பசை வெளியேறும், சுவிட்சுகளில் துரு ஏறாது. 50 வாட் இழுக்கும் வால்வு ரேடியோவை நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்டாலும் மாதத்துக்கு 3 யூனிட் மின்சாரம்தான் ஆகும். சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடம் விட்டால் வெப்பம் மேலேறிப் போகும். ஓடவிட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போவது மட்டும் கூடாது.

என் ரேடியோவின் பின்பலகையின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். எந்தக் கண்டன்சரை எந்த மதிப்பில், எந்த நாளில் மாற்றினேன், வோல்ட் தகடு எந்த நிலையில் இருக்கிறது, பின்துளைக் கம்பியில் எந்த முள் தரை என்பதெல்லாம் அதில் பென்சிலால் எழுதியிருக்கிறது. கழற்றிய பழைய பாகங்கள் ஒரு சிறு உறையில் அதன் பக்கத்திலேயே தொங்குகின்றன, கசிந்துகொண்டிருந்த அந்தப் பழுப்பு நிற மெழுகுக் கண்டன்சர் உட்பட.